சுழியம் எழுதாதே என்கிறது ஸ்கிரிப்ட்: கெர்னல் நிரலில் ஸ்டாட்டிக் மாறிகள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மைய நிரலான கெர்னலுக்கு முதன்முதலாக ஒரு டிரைவர் (ஒரு சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதிப் பார்க்கிற பிள்ளைகளை எங்கள் ஊரில் முதலில் ஏசுவது வாத்தியாரும் இல்லை, வேலைக்குப் போகிற அண்ணன் அக்காமாரும் இல்லை. நிரலின் எழுத்து நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் என்கிற பெர்ல் மொழி ஸ்கிரிப்ட். 2007 முதல் கெர்னல் மூலநிரலோடு சேர்ந்தே வருகிறது. டேப் வைத்த இடம், இடைவெளி விட்ட இடம், வரியின் நீளம் எல்லாவற்றையும் துருவித் துருவிப் பார்க்கும். அதன் ஏச்சுகளில் அடிக்கடி கண்ணில் படுவது ஒன்று உண்டு: ஸ்டாட்டிக் மாறிக்குத் தொடக்க மதிப்பாகச் சுழியம் கொடுக்காதே. இதை அது எச்சரிக்கை என்றுகூடச் சொல்வதில்லை, பிழை என்றே குறிக்கிறது.

பிள்ளைகள் உடனே அந்த '= 0' என்பதை அழித்துவிடுகிறார்கள். ஸ்கிரிப்ட் அடங்கிவிடுகிறது. அதே வரியின் தொடக்கத்தில் ஸ்டாட்டிக் என்ற சொல் நிற்கிறதே, அது அங்கே இருக்கத்தான் வேண்டுமா என்று ஸ்கிரிப்ட் கேட்பதில்லை. பிள்ளைகளும் கேட்பதில்லை. கெர்னல் நிரலில் தலைவலி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் ஊர் பீடோங், மலேசியாவில் கெடாவின் கோல மூடா மாவட்டத்தில், சுங்கைப்பட்டாணிக்கு வடக்கே பழைய முதன்மைச் சாலையை ஒட்டிய தோட்டத்து ஊர். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், லயங்கள் காலியாகித் தாமான் குடியிருப்புகள் எழுந்தன. ஆனாலும் பெரியவர்கள் இன்னும் 'எந்தத் தோட்டம்?' என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். 2001இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தின் வளாகம் பக்கத்தில் செமிலிங்கில் இருக்கிறது. 1996இல் திறந்த கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கு இங்கிருந்து தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் உண்டு. சில்லு, போர்டு, டிரைவர் என்பதெல்லாம் இங்கே அந்நியமான பேச்சு இல்லை. பிள்ளைகள் கையில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி இருக்கிறது, கேட்க நிறையக் கேள்வி இருக்கிறது. ஸ்டாட்டிக் பற்றி அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் மொழி. சி மொழியில் ஸ்டாட்டிக் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஃபங்ஷன்களுக்கு வெளியே எழுதினால் அந்தப் பெயர் அந்தக் கோப்புக்குள்ளேயே அடங்கிவிடும், கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் மற்ற கோப்புகளுக்கு அதைக் காட்டாது. ஃபங்ஷனுக்கு உள்ளே எழுதினால் மாறி, ஃபங்ஷனின் தற்காலிக இடமான ஸ்டாக்கில் தோன்றி மறையாது. கெர்னல் ஓடுகிற காலமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், போன முறை வைத்த மதிப்பு அடுத்த முறையும் கிடைக்கும். முதல் வேலை யார் பார்க்கலாம் என்பதைப் பற்றியது, இரண்டாவது எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதைப் பற்றியது. இரண்டையும் ஒரே சொல்லில் திணித்தவர்களை இனித் திட்டிப் பயனில்லை.

சுழியத்தின் கதை

இப்படி நிலைத்திருக்கும் மாறிக்கு நாம் தொடக்க மதிப்பு தராவிட்டால் அது சுழியமாக இருக்கும். சி மொழியின் 1989 தரமே இதற்கு உறுதி தருகிறது. பாயிண்டராக (முகவரி வைக்கும் மாறியாக) இருந்தால் எதையும் சுட்டாத நல், பூலியனாக இருந்தால் ஃபால்ஸ். ஆகவே

ஸ்டாட்டிக் இண்ட் டீபக் = 0;

என்று எழுதினாலும் '= 0' இல்லாமல் எழுதினாலும் மொழியின் பார்வையில் ஒன்றுதான். அப்படியானால் எழுதிவிட்டுப் போனால் என்ன கெட்டுவிடும்? ஒரு காலத்தில் நிஜமாகவே கெட்டது.

நாம் எழுதியதை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் உருவாக்கும் எல்ஃப் வடிவக் கோப்பில் மாறிகளுக்கு முக்கியமாக இரண்டு பகுதிகள் உண்டு. டேட்டா பகுதியில் தொடக்க மதிப்புள்ள மாறிகள் இருக்கும். அவற்றின் மதிப்பு பைட் பைட்டாகக் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். பிஎஸ்எஸ் பகுதியில் மதிப்பே எழுதப்படாது, மொத்தம் இத்தனை பைட் இடம் வேண்டும் என்ற அளவு மட்டும் பதிவாகும். லயத்தில் பத்து வீடு காலி என்றால் தோட்டத்து ஆபீஸில் கிராணி 'பத்து வீடு காலி' என்று ஒரே வரியில் எழுதிவைப்பார், வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி 'இங்கே யாருமில்லை' என்று பத்து முறை எழுதமாட்டார். பிஎஸ்எஸ் அந்த ஒரு வரிதான். கெர்னல் பூட் ஆகும்போது தொடக்க நிரல் அந்த இடம் முழுவதையும் சுழியத்தால் நிரப்பிவிடும். பிஎஸ்எஸ் என்ற பெயருக்கு வயது அதிகம். 1950களில் ஐபிஎம் 704 கணினிக்கு எழுதிய அசெம்பிளரில் இருந்த ஒரு கட்டளையின் சுருக்கம் அது, இன்றுவரை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய ஜிசிசி கம்பைலர், '= 0' என்று நாம் கைப்பட எழுதியிருந்தால், 'இவர் மதிப்புக் கொடுத்திருக்கிறார்' என்று எடுத்துக்கொண்டு மாறியை டேட்டா பகுதியில் வைத்தது. ஒரு இண்ட் என்றால் 4 பைட், போகட்டும். 65536 பைட் நீளமுள்ள ஓர் அணிக்கு யாராவது சுழியம் கொடுத்துத் தொடங்கியிருந்தால், கெர்னல் கோப்பில் 64 கிலோபைட் வெறும் சுழியம். கெர்னலை ஒரு ஃப்ளாப்பி வட்டில் அடக்கப் பார்த்த காலத்தில் அது பெரிய வீண்செலவு. விதி அங்கிருந்து வந்தது.

2003இல் வந்த ஜிசிசி 3.3.1, சுழியம் கொடுத்துத் தொடங்கிய மாறிகளையும் தானாகவே பிஎஸ்எஸ் பகுதிக்கு நகர்த்தத் தொடங்கியது. இதனால் முதலில் அடிபட்டது ஈமாக்ஸ் எடிட்டர் என்பது ஒரு வேடிக்கை. அப்போதைய ஈமாக்ஸ், தன் லிஸ்ப் நிரல்களையெல்லாம் ஏற்றிக்கொண்ட பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் தன் நினைவகத்தையே புதிய கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளும் வழக்கமுடையது. எந்த மாறி எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது அதற்கு உயிர்நாடி. 21.3 வரையிலான பதிப்புகள் இந்த மாற்றத்தோடு ஒத்துப்போகாது என்று ஜிசிசி வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதி, அதை அணைக்க ஒரு சுவிட்சும் கொடுத்தார்கள். லினக்ஸ் கெர்னலோ 2021இல் வந்த 5.15 பதிப்பிலேயே ஜிசிசி 5.1க்குக் குறைந்த கம்பைலரை ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே இன்று கெர்னலைக் கட்டுகிற எந்தக் கம்பைலரிலும் '= 0' ஒரு பைட்டைக்கூடக் கூட்டாது.

நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். ஒரே கோப்பை இரண்டு விதமாகவும் கம்பைல் செய்து, 'சைஸ்' கட்டளையை ஓட்டினால் டேட்டா, பிஎஸ்எஸ் எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கும். பெயர்களைப் பட்டியலிடும் 'என்எம்' கட்டளை இன்னும் நன்றாகக் காட்டும். மாறியின் பெயருக்கு முன்னால் 'பி' எழுத்து நின்றால் பிஎஸ்எஸ், 'டி' நின்றால் டேட்டா. ஸ்டாட்டிக் என்றால் அந்த எழுத்து சிறியதாக இருக்கும், மற்றவற்றுக்குப் பெரியதாக இருக்கும். இதே சோதனையில், ஓர் அணியின் முதல் உறுப்புக்கு மட்டும் 1 என்று கொடுத்துப் பாருங்கள். முழு அணியும் டேட்டா பகுதிக்குத் தாவிவிடும். சுழியத்தைத் தேடித் தேடி அழிக்கிற பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை. கோப்பின் அளவு கூடுவது இன்றைக்கு இப்படித்தான்.

அப்படியானால் விதி ஏன் இன்னும் இருக்கிறது? என் கணிப்பில், கண்ணுக்காக. ஒரு கோப்பின் மேற்பகுதியில் பதினைந்து ஸ்டாட்டிக் மாறிகள் இருந்து, அவற்றில் இரண்டுக்கு மட்டும் '=' இருந்தால், அந்த இரண்டும் சுழியம் அல்லாத ஏதோ ஒன்றில் தொடங்குகின்றன என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். எல்லாவற்றுக்கும் '= 0' போட்டால் அந்த இரண்டும் கூட்டத்தில் மறைந்துவிடும். நல்ல காரணம்தான். ஆனால் பிழை என்று குறிக்கிற அளவுக்குப் பெரிய காரணமில்லை. எம்ஐடி தன் மாணவர்களுக்காக எழுதிய எக்ஸ்வி6 கெர்னலின் எக்ஸ்86 (இன்டெல் வகைச் சில்லு) பதிப்பில், கன்சோல் கோப்பில் 'ஸ்டாட்டிக் இண்ட் பேனிக்ட் = 0;' என்று ஒரு வரி இருக்கிறது. செக்பேட்ச் அதைப் பார்த்தால் ஏசும். படிக்கிற மாணவருக்கு அந்தச் சுழியம் உதவுகிறது, கெர்னல் இன்னும் பேனிக் ஆகவில்லை (மீள முடியாமல் நின்றுபோகவில்லை), அங்கிருந்துதான் கதை தொடங்குகிறது என்று சொல்கிறது. இப்படித் தொடக்க நிலைக்கு ஓர் அர்த்தம் இருக்கிற இடத்தில், ஈனம் (எண்களுக்குப் பெயர் வைக்கும் enum வகை) ஒன்றை வைத்து 'நிலை = ஓய்வு' என்று பெயராலேயே எழுதிவிடுவது எனக்குப் பிடித்த வழி. அந்தப் பெயரின் மதிப்பு சுழியமாகவே இருந்தாலும் ஸ்கிரிப்ட் வாயைத் திறக்காது, படிக்கிறவருக்கும் புரியும்.

சுழியமாக்கும் வேலை எப்போது நடக்கிறது என்பதும் சில இடங்களில் முக்கியம். எக்ஸ்86 கெர்னலில், சுருக்கிய கெர்னலை விரிக்கும் தொடக்க நிரல் இருக்கிறது. அங்கே 'பிஜிடேபிள்_எல்5_எனேபிள்ட்' என்று முடியும் பெயரில் ஒரு மாறி. நினைவக முகவரிகளைப் பொருத்தும் ஐந்தடுக்குப் பக்க அட்டவணை இயங்குகிறதா என்பதை அது நினைவில் வைக்கும். அதற்கு மதிப்பு எழுதப்படுவது பிஎஸ்எஸ் சுத்தமாக்கப்படுவதற்கு முன்பே. சாதாரணமாக விட்டிருந்தால், எழுதிய மதிப்பைப் பின்னால் வரும் சுத்தம் துடைத்துவிடும். அதனால் அதை வலுக்கட்டாயமாக டேட்டா பகுதியில் வைத்து, பிஎஸ்எஸ்ஸோடு சேர்ந்து அழியாமலிருக்கவே இப்படி என்று மேலேயே ஒரு குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். விதியை மீறினால் ஏன் மீறினோம் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இரண்டு சென்சர், ஒரே எண்

இப்போது பெரிய விஷயத்துக்கு வருவோம். செம்பனை நாற்று மேடைக்கு வெப்பமும் ஈரப்பதமும் அளக்க ஒரு மாணவி சென்சிரியான் நிறுவனத்தின் எஸ்எச்டி31 சென்சருக்கு டிரைவர் எழுதினாள். கெர்னலில் ஏற்கெனவே அதற்கு டிரைவர் உண்டு, கற்றுக்கொள்வதற்காகத் தானே எழுதிப் பார்த்தாள். ஒரு சென்சரோடு நன்றாக ஓடியது. இந்தச் சென்சருக்கு ஒரு வசதி உண்டு. ஒரு பின்னை மாற்றிக் கட்டினால், சில்லுகள் பேசிக்கொள்ளும் ஐ2சி கம்பியில் அதன் முகவரி, பதினறும எண்ணில் 44இல் இருந்து 45க்கு மாறும், ஆகவே ஒரே கம்பியில் இரண்டைப் போடலாம். கொட்டகைக்கு உள்ளே ஒன்று, வெளியே வெயிலில் ஒன்று என்று போட்டாள்.

'அண்ணே, ரெண்டும் ஒரே நம்பர் காட்டுது. ஒண்ணு கெட்டுப்போச்சு போல.'

'சென்சரு நல்லாத்தாம்மா இருக்கு. கோப்போட மேல நாலு வரி இருக்கே, அதப் படி பாப்போம்.'

மேலே இருந்தவை: சென்சரின் தகவல் தொகுப்பைச் சுட்டும் ஸ்டாட்டிக் ஸ்ட்ரக்ட் பாயிண்டர் ஒன்று, கடைசியாகப் படித்த வெப்பம், கடைசியாகப் படித்த ஈரப்பதம், எப்போது படித்தோம் என்ற நேரம். எதற்கும் '= 0' இல்லை. செக்பேட்ச் ஒரு வார்த்தை சொல்லாமல் பாஸ் போட்டுவிட்டது.

நடந்தது இதுதான். சாதனத்தைத் தயார்செய்யும் புரோப் என்ற டிரைவர் ஃபங்ஷனைக் கெர்னல் சாதனத்துக்கு ஒரு முறை அழைக்கிறது. இரண்டு சென்சர் என்றால் இரண்டு முறை. ஆனால் ஸ்டாட்டிக் மாறி கோப்புக்கு ஒன்றுதான். இரண்டாவது அழைப்பு வந்து முதல் சென்சரின் பாயிண்டர் மேலேயே தன் பாயிண்டரை எழுதிவிட்டது. அதற்குப் பிறகு யார் எந்தச் சென்சரைக் கேட்டாலும் வெயிலில் இருப்பதுதான் பதில் சொல்லும்.

அந்தத் தகவல் சாதனத்துக்குச் சொந்தம், டிரைவருக்குச் சொந்தம் இல்லை. ஒரு ஸ்ட்ரக்ட் வகுத்து, அந்த நாலு மாறிகளையும் அதற்குள் போட்டு, புரோப் நடக்கும்போது சாதனத்துக்கு ஒன்றாக டெவ்எம்_கேசட்அல்லாக் வழியே இடம் வாங்கி, ஐ2சி_செட்_கிளையண்ட்டேட்டா வழியே அந்தச் சாதனத்தோடு கட்டிவைப்பதுதான் கெர்னல் வழக்கம். டெவ்எம் என்று தொடங்கும் ஃபங்ஷனில் வாங்கிய இடத்தைச் சாதனம் கழன்றதும் கெர்னலே திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த ஃபங்ஷன் சுழியத்தால் நிரப்பித்தான் இடத்தைத் தரும், ஆகவே சுழியம் எழுதும் வேலை இங்கேயும் நமக்கில்லை.

பழைய டிரைவர்களில் இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது: நாலு சாதனம் வரை என்று முடிவு செய்து நாலு உறுப்புள்ள ஸ்டாட்டிக் அணி. ஐந்தாவது வரும்போது என்ன ஆகும் என்று கேட்கக் கூடாது. இன்றைக்கு அதை யாரும் ஏற்கமாட்டார்கள்.

ஆகவே ஸ்டாட்டிக் என்று விரல் தட்டும்போதே கேட்க வேண்டியது: இந்த உலகத்தில் இது ஒன்றே ஒன்றுதானா? ஆம் என்றால் சரி. டிரைவரின் ஸ்ட்ரக்ட், எந்தெந்தச் சாதனத்துக்கு இந்த டிரைவர் பொருந்தும் என்ற அட்டவணை, ஃபைல் ஆபரேஷன்ஸ் அட்டவணை, மாட்யூல் (ஓடும் கெர்னலில் தனியாக ஏற்றும் நிரல்) ஏற்றும்போது கொடுக்கும் டீபக் அளவுரு, இவையெல்லாம் இயல்பிலேயே ஒன்றுதான். இவை ஸ்டாட்டிக்காக இருப்பது முறை. அட்டவணைகள் கான்ஸ்ட்டாகவும் (மாறாதவையாகவும்) இருக்க வேண்டும். அப்போது அவை படிக்க மட்டுமேயான பகுதிக்குப் போகும், ஓடும்போது யாராவது மாற்ற முயன்றால் கெர்னல் அங்கேயே பிடித்துக்கொள்ளும். சொற்களின் வரிசையும் 'ஸ்டாட்டிக் கான்ஸ்ட்' என்றுதான் இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் செக்பேட்ச் அதற்கும் ஒரு வரி வைத்திருக்கிறது. பூட் ஆகும்போது ஒரே ஒரு முறை எழுதி அதற்குப் பிறகு தொடவே தொடாத மாறிக்கு 2016இல், 4.6 பதிப்பில், ரோ_ஆஃப்டர்_இனிட் என்ற அடையாளம் வந்தது. பூட் முடிந்ததும் அது பூட்டப்பட்டுவிடும். பூட் ஆகும்போது மட்டுமே தேவையானதை இனிட்டேட்டா என்று குறித்தால் அந்த இடமே விடுவிக்கப்படும். கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையில், பயன்படாத கெர்னல் நினைவகத்தை விடுவிக்கிறோம் என்று வருகிற வரி அதைத்தான் சொல்கிறது.

ஒன்றே ஒன்றுதான் என்று உறுதியான பிறகும் வேலை முடியவில்லை. அதை ஒரே நேரத்தில் யார் யார் தொடுவார்கள்? பயன்பாட்டு நிரலில் தப்பித்துவிடலாம், கெர்னலில் முடியாது. சிபியுவில் நாலு கோர் இருந்தால் நாலும் ஒரே ஃபங்ஷனுக்குள் ஒரே நொடியில் இருக்கலாம், நடுவே சாதனம் குறுக்கிடும் இன்டர்ரப்ட்டும் வந்து அதே இடத்தைத் தொடலாம். ஸ்டாட்டிக் மாறியில் 'எண்ணிக்கை++' என்பது எழுத ஒரு வரி, நடப்பது மூன்று: படி, கூட்டு, எழுது. இரண்டு கோர் ஒரே மதிப்பைப் படித்து இரண்டும் ஒன்று கூட்டி எழுதினால் ஒரு கூட்டல் காணாமல் போகும். இதற்கு மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகச் செய்யும் அட்டாமிக் வகை உண்டு, ஒருவர் மட்டும் நுழையவிடும் பூட்டு உண்டு, கோருக்கு ஒன்றாகப் பிரித்துவைக்கும் பெர்-சிபியு மாறிகள் உண்டு. எதை எடுப்பது என்பது இடத்தைப் பொறுத்தது. எதையுமே எடுக்காமல் விடுவதென்றால், ஏன் பரவாயில்லை என்று மேலே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

ஸ்டாக் சிறியதாக இருப்பதால் ஸ்டாட்டிக்குக்கு ஓடுகிறவர்களும் உண்டு. 64 பிட் எக்ஸ்86இல் கெர்னல் ஸ்டாக் 16 கிலோபைட்தான். ஒரு ஃபங்ஷனுக்குள் 4 கிலோபைட் அணி ஒன்றை வைத்தால் கம்பைலர் எச்சரிக்கும். உடனே அதன் முன்னால் ஸ்டாட்டிக் என்று ஒட்டினால் எச்சரிக்கை மறையும். ஆனால் இப்போது அந்த அணி எல்லாக் கோருக்கும் பொது. அதோடு, அதை டிஎம்ஏ (சாதனம் நினைவகத்தை நேராகப் படிக்கும் முறை) வழியே சாதனத்துக்கு அனுப்பவும் முடியாது. கெர்னலின் டிஎம்ஏ கையேடு தெளிவாகவே சொல்கிறது: கெர்னலின் டேட்டா, பிஎஸ்எஸ் பகுதி முகவரிகள், மாட்யூல் முகவரிகள், ஸ்டாக் முகவரிகள் எதையும் டிஎம்ஏவுக்குக் கொடுக்கக் கூடாது. வேண்டிய இடத்தை கேமால்லாக் வழியே வாங்குவதுதான் வழி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஃபங்ஷனுக்குள் ஸ்டாட்டிக்கே கூடாது என்ற முடிவுக்குப் பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். அதுவும் சரியில்லை. கெர்னலில் மிக அழகான இரண்டு பயன்பாடுகள் அங்கேதான் இருக்கின்றன. ஒன்று, ஒரு செய்தியை ஒரே முறை மட்டும் அச்சிடும் மேக்ரோ (அழைத்த இடத்தில் நிரலாக விரியும் சுருக்கம்). அது விரியும்போது 'ஏற்கெனவே சொல்லியாயிற்று' என்ற ஸ்டாட்டிக் பூலியன் ஒன்று அழைத்த இடத்திலேயே பிறக்கிறது. அழைத்த இடத்துக்கு ஒன்று என்பதுதான் இங்கே தேவையானது, அதை ஸ்டாட்டிக் சரியாகத் தருகிறது. இந்தப் பூலியன்களையெல்லாம் தனிப் பகுதி ஒன்றில் சேர்த்துவைத்திருப்பதால், ஒரே முறை வரும் எச்சரிக்கைகளை டீபக்எஃப்எஸ் என்ற சோதனைக் கோப்பமைப்பு வழியே மொத்தமாக மீண்டும் உயிர்ப்பிக்கவும் முடிகிறது.

மற்றது, பூட்டு ஒன்றைத் தொடங்கிவைக்கும் மியூட்டெக்ஸ்_இனிட். பார்க்க ஃபங்ஷன் போல இருக்கும், உண்மையில் மேக்ரோ. உள்ளே ஒரு ஸ்டாட்டிக் சாவி இருக்கிறது. பூட்டுகளை எடுக்கும் வரிசை தவறி டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாம் நின்றுபோவது) வருமா என்று கண்காணிக்கும் லாக்டெப், பூட்டுகளை இந்தச் சாவியை வைத்துத்தான் வகை பிரிக்கிறது. ஆயிரம் சாதனங்களில் ஆயிரம் பூட்டு இருந்தாலும், அவை ஒரே வரியில் தொடங்கப்பட்டவை என்றால் லாக்டெப்புக்கு ஒரே வகை. பூட்டைத் தொடங்காமலே பயன்படுத்தினால், ஸ்டாட்டிக் அல்லாத சாவியைப் பதிவு செய்யப் பார்க்கிறாய் என்று அது முறையிடும். அந்தச் செய்தியை முதல்முறை பார்க்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. பெரும்பாலும் அதன் பொருள், இனிட் வரியை எழுத மறந்துவிட்டாய் என்பதுதான்.

பெயரை மறைப்பதா, காட்டுவதா

கோப்புக்குள் அடக்கிவைக்கும் முதல் வேலையைப் பற்றி லினக்ஸ் உலகில் தகராறு குறைவு: வெளியே தேவைப்படாத எதுவும் ஸ்டாட்டிக்காக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'டீபக்' என்ற பெயரில் இரண்டு டிரைவர்கள் ஆளுக்கொரு மாறி வைத்திருக்கும்போது, தனித்தனி மாட்யூலாக இருக்கும்வரை எதுவும் தெரியாது. இரண்டையும் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டும் நாளில் லிங்கர் நிறுத்திவிடும். அது நல்ல முடிவு. பழைய சி வழக்கப்படி, மதிப்புத் தராத இரண்டு மாறிகளை லிங்கர் சத்தமில்லாமல் ஒன்றாக்கிவிடவும் கூடும். கெர்னல் அதற்கான கதவை நோ-காமன் சுவிட்ச் போட்டு வெகுகாலம் முன்பே அடைத்துவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2003இல் தொடங்கிய ஸ்பார்ஸ் என்ற சோதனைக் கருவியும், ஒரு பெயர் எங்கும் அறிவிக்கப்படாமல் வெளியே தெரிந்தால், 'இது ஸ்டாட்டிக்காக இருக்க வேண்டுமோ?' என்று மரியாதையாகக் கேட்கும். செக்பேட்சைவிட இதன் பேச்சுமுறை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் இதை எல்லாக் கெர்னலுக்கும் பொதுவான சட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓபன்பிஎஸ்டியின் நடைக் கையேடு, ஒரே கோப்புக்குள் பயன்படும் ஃபங்ஷன்களைப் பயன்பாட்டு நிரல்களில் ஸ்டாட்டிக் என்று அறிவி என்கிறது, கெர்னலில் அப்படிச் செய்யாதே என்கிறது. காரணம், பிழை தேடும் கருவியான டீபகர். கெர்னல் விழுந்து கிடக்கும்போது அதன் டீபகரில் பெயரைச் சொல்லித்தான் எதையும் தேட முடியும். மறைத்துவைத்த பெயர் அந்த நேரத்தில் கைக்கு வராது.

லினக்ஸ்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம், ஆனால் அதே வலி லினக்ஸிலும் உண்டு. ஸ்டாட்டிக் ஃபங்ஷன் சிறியதாக இருந்தால் கம்பைலர் அதை அழைத்த இடத்திலேயே கரைத்துவிடும், ட்ரேஸ் (அழைப்புகளைக் கண்காணிக்கும் பொறி) வைக்கப் போனால் அந்தப் பெயரே இருக்காது. கரையாமல் மிஞ்சினாலும், ஒரே பெயரில் பல கோப்புகளில் ஸ்டாட்டிக் ஃபங்ஷன் இருக்கலாம். ஓடும் கெர்னலையே ஒட்டுப்போடும் லைவ்பேட்ச், இதனால்தான் 'இந்தப் பெயரில் எத்தனையாவது' என்று குறிப்பிட ஓர் எண்ணை வைத்திருக்கிறது. ஃபங்ஷனுக்கு உள்ளே இருக்கும் ஸ்டாட்டிக் மாறிகளின் நிலை இன்னும் மோசம். ஜிசிசி அவற்றின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் ஓர் எண்ணும் சேர்த்துவிடும், அந்த எண் கம்பைலுக்குக் கம்பைல் மாறலாம். ஒட்டுப்போடும்போது பழைய மாறி எது, புதிய மாறி எது என்று பொருத்துவதற்கே தனி நிரல் எழுத வேண்டியிருக்கிறது.

இதற்கு லினக்ஸ் கண்டுபிடித்த நடைமுறைச் சமாதானம், ஸ்டாட்டிக் என்றாலும் பெயரில் முன்னொட்டு வை என்பது. லிங்கர் கேட்காது, ஆனால் இரவு 2 மணிக்குக் கெர்னல் விழுந்த தடத்தைப் படிக்கிறவர் கேட்பார். அந்தத் தடத்தில் வெறும் 'புரோப்' என்று இருந்தால் யாருடைய புரோப் என்று எப்படித் தெரியும்? 'எஸ்எச்டி31_புரோப்' என்று இருந்தால் தேட வேண்டியதில்லை. கெர்னல் நடைக் கையேடு எல்லோருக்கும் தெரியும் பெயர்கள் விளக்கமாக இருக்க வேண்டும், உள்ளூர் மாறிகள் 'ஐ' என்று சுருக்கமாக இருந்தால் போதும் என்கிறது. கோப்பளவில் நிற்கும் ஸ்டாட்டிக் இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒன்று. நான் அதை முதல் கூட்டத்தில்தான் சேர்ப்பேன்.

கடைசியாக, பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி: '= 0' என்பதை அழித்து ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்பினால் கெர்னலில் என் பெயர் வருமா? வரலாம். ஆனால் எங்கே அனுப்புகிறோம் என்று பார்க்க வேண்டும். இன்னும் பக்குவப்படாத டிரைவர்கள் இருக்கும் ஸ்டேஜிங் பகுதியில் இப்படிப்பட்ட நடைத் திருத்தங்களை ஏற்பார்கள், புதியவர்கள் பேட்ச் அனுப்பும் முறையைப் பழகுவதற்கு அது நல்ல இடம். மற்ற இடங்களில், பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் கோப்பில் சுழியத்தை மட்டும் அழித்து அனுப்பினால், பராமரிப்பாளர் பதில் போடாமலே விட்டுவிடலாம், அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த ஒரு வரி மாற்றத்தால் பழைய பேட்ச்கள் பொருந்தாமல் போகும், வரி வரலாற்றைத் தேடுகிறவருக்கு ஒரு படி கூடும். செக்பேட்சின் சொந்த ஆவணமே, ஸ்கிரிப்ட் சொல்வதெல்லாம் சரியாக இருக்காது, உன் முடிவுதான் அதற்கு மேல் என்று சொல்கிறது. வேறு காரணத்துக்காக அந்த வரிகளைத் தொடும்போது சுழியத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம். அப்படித் தொடும்போது, அந்த ஸ்டாட்டிக் மாறி சாதனத்தின் ஸ்ட்ரக்டுக்குள் போக வேண்டியதா என்றும் பார்த்து, போக வேண்டியது என்றால் அதைத் தனிப் பேட்சாக முதலில் அனுப்புங்கள். பராமரிப்பாளர் பதில் எழுதுவது அதற்குத்தான்.